இருக்கிற பெயரை 'இல்லை' என்று சொல்லும் கம்ப்யூட்டர்

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் டிப்ளமோ



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதைப் பக்கம் நிரம்பிவிட்டதாம், பயணக் கட்டுரையும் இரண்டு வந்துவிட்டதாம். எனவே எஸ்.க்யூ.எல். லேப்பில் நம்மை ஓயாமல் படுத்தும் ஒரு விஷயத்தையே பாடமாக எழுதித் தருகிறேன். ஜூனியர்களுக்குப் பிராக்டிகல் நேரத்தில் உதவும். சீனியர்கள் மினி ப்ராஜெக்ட்டை ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

லேப்பில் பயப்பட வேண்டியது எர்ரர் மெசேஜுக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் எர்ரர் வந்தால் நல்லது. எந்த இடத்தில் தப்பு என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். பயப்பட வேண்டியது ஆரக்கிள் அமைதியாகச் சொல்லும் 'நோ ரோஸ் செலெக்டட்' என்ற பதிலுக்குத்தான். க்வெரி சரி, டேபிள் சரி, ரெக்கார்டும் உள்ளேதான் இருக்கிறது. ஆனாலும் 'அப்படி ஒருத்தரும் இல்லை' என்கிறது கம்ப்யூட்டர். கேட்கிறவருக்கு அது தப்பான பதில் என்று தெரியவே தெரியாது. நம்பிவிடுவார்.

மேலே போவதற்கு முன் ஒரு குறிப்பு. மலர் முழுக்கத் தமிழ் எழுத்தில் அச்சாவதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மிஷினில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'பெ' என்றிருந்தால் முழுக்கப் பெரிய எழுத்து, 'சி' என்றிருந்தால் முழுக்கச் சின்ன எழுத்து, 'மு' என்றிருந்தால் முதலெழுத்து மட்டும் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடண்ட் என்ற டேபிளில் நான்கு கவிதாக்கள் இருக்கிறார்கள்:

101 – கவிதா (பெ)
102 – கவிதா (மு)
103 – கவிதா (சி)
104 – கவிதா (பெ), ஆனால் பெயருக்கு முன்னால் ஒரு இடைவெளி தட்டப்பட்டிருக்கிறது

இப்போது இப்படிக் கேட்போம்:

செலெக்ட் * ஃப்ரம் ஸ்டூடண்ட் வேர் நேம் = 'கவிதா (சி)';

ஆரக்கிளில் 103 மட்டும் வரும். மற்ற மூன்று பேரும் கம்ப்யூட்டர் கணக்கில் வேறு ஆட்கள்.

ஏன் இப்படி? கம்ப்யூட்டருக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது, எண்தான் உண்டு என்பது நாம் அறிந்ததே. ஆஸ்கி என்ற குறியீட்டு முறையில் பெரிய ஏ-க்கு எண் 65, சின்ன ஏ-க்கு 97. பெரிய பி 66, சின்ன பி 98. எந்த எழுத்தை எடுத்தாலும் இரண்டுக்கும் நடுவே சரியாக 32 வித்தியாசம் வரும். இது தற்செயல் இல்லை, யோசித்துச் செய்த ஏற்பாடு. 32 என்பது பைனரியில் ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட்டை அணைத்தால் சின்ன எழுத்து பெரிதாகிவிடும், ஏற்றினால் சிறிதாகிவிடும். 65 என்பது 64-உம் 1-உம், 97 என்பது 64-உம் 32-உம் 1-உம். நோட்டில் போட்டுப் பாருங்கள், அழகாக இருக்கும்.

1963-இல் ஆஸ்கி முதலில் வெளிவந்தபோது அதில் சின்ன எழுத்துக்கே இடம் கிடையாது. 1967-இல் திருத்தியபோதுதான் சேர்த்தார்கள். அதற்கும் முன்னால் அட்டையில் துளை போட்டு விவரம் ஏற்றிய ஐ.பி.எம். 026 போன்ற இயந்திரங்களில் அடிக்க முடிந்ததே பெரிய எழுத்து மட்டும்தான். விவரங்களை முழுக்கப் பெரிய எழுத்தில் ஏற்றும் வழக்கத்தின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இன்றும் 'பெரிய எழுத்தில் நிரப்பவும்' என்று போடுகிறார்களே, அது வேறு காரணம். கையெழுத்து புரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இவற்றை மேல் பெட்டி, கீழ் பெட்டி என்கிற பொருளில் அழைக்கிறார்கள். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த நாளில், பெரிய எழுத்துகள் மேல் தட்டிலும் சின்ன எழுத்துகள் கீழ்த் தட்டிலும் இருக்குமாம். தமிழுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நம்ம 'க' எங்கே வந்தாலும் 'க'தான். வாக்கியத்தின் ஆரம்பம், ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதற்கும் தனி உருவம் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். மருந்து ஒரே ஒரு ஃபங்ஷன்: அப்பர். (அப்பர் என்றதும் தேவாரம் பாடியவரை நினைக்க வேண்டாம்!) கொடுத்த எழுத்தை எல்லாம் பெரிதாக்கித் தரும். இதற்கு எதிர் வேலை செய்வது லோயர்.

செலெக்ட் அப்பர்(நேம்) ஃப்ரம் ஸ்டூடண்ட்;

இப்படிக் கேட்டால் நான்கு பெயரும் பெரிய எழுத்தில் திரையில் வரும். டேபிளுக்குள் ஒன்றும் மாறியிருக்காது. திரையில் தெரிவது கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரிதான். நம்ம வகுப்பில் பலர் குழம்புவது இங்கேதான். 'அப்பர் போட்டாச்சு, இனி எல்லாம் பெரிய எழுத்துதான்' என்று அடுத்த க்வெரியில் சும்மா 'வேர் நேம் =' என்று கேட்கிறார்கள். மறுபடியும் பழைய கதை.

தேடும்போது பயன்பட வேண்டுமென்றால் வேர் பகுதிக்குள் போட வேண்டும்:

செலெக்ட் * ஃப்ரம் ஸ்டூடண்ட் வேர் அப்பர்(நேம்) = 'கவிதா (பெ)';

இப்போது 101, 102, 103 மூன்றும் வரும். 104 வராது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இதே க்வெரியில் சமக்குறிக்கு வலது பக்கம் 'கவிதா (சி)' என்று அடித்துவிட்டால்? உலகம் அழியும்வரை ஒரு ரெக்கார்டும் வராது. இடது பக்கம் எல்லாம் பெரிதாகிவிட்டது, வலது பக்கம் சின்னதாகவே நிற்கிறது, எப்படிப் பொருந்தும்? தேடப்படும் பெயரை நாமே அடித்தால் பார்த்து அடித்துவிடலாம். வேறு யாரோ ஒருவர் கவுண்ட்டரில் உட்கார்ந்து அடிக்கப்போகிறார் என்றால் அவர் எப்படி அடிப்பார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே இரண்டு பக்கமும் போட வேண்டும்:

செலெக்ட் * ஃப்ரம் ஸ்டூடண்ட் வேர் அப்பர்(நேம்) = அப்பர்('&பெயர்');

இந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையின் உயிர். லைக் போட்டுத் தேடினாலும் இதே விதிதான், இரண்டு பக்கமும்.

இது பரீட்சைக்கு மட்டும் உதவும் சமாச்சாரம் என்று யாராவது நினைத்தால் ஒன்று சொல்கிறேன். என் அப்பா கொத்தனார். கட்டட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டு, பதிவு அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் அட்டையில் நம்பர் அழிந்திருக்கிறது என்று சொல்லி, பெயரைக் கேட்டு அடித்துப் பார்த்துவிட்டு, "உங்க பேரு லிஸ்ட்லயே இல்லையே" என்றாராம். அப்பா திரும்பி வந்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி போனார், அதே பதில். இரண்டு நாள் கூலி போச்சு. மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். அன்றைக்கும் அதே மனிதர் அதே மாதிரி சின்ன எழுத்தில் அடித்தார், இல்லை என்றே வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய என்ட்ரி எல்லாம் பெரிய எழுத்துலதான் இருக்கும் தம்பி, கேப்ஸ் லாக் போட்டு அடி" என்றார். அடித்ததும் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், ஊர், எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவுக்குக் காரணத்தை விளக்கினேன். அப்பா தமிழில் கையெழுத்துப் போடுவார், ஆங்கிலம் தெரியாது. "என் பேருல என்னடா பெருசு சிறுசு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ப்ரோக்ராமை எழுதியவர் ஐந்து ஆங்கில எழுத்தை இரண்டு இடத்தில் சேர்த்து அடித்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இனி 104-க்கு வருவோம். பெயருக்கு முன்னால் ஒரு இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒரு எழுத்து, அதற்கும் எண் உண்டு, 32. (அதே 32! இது வேறு 32, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதை நீக்க ட்ரிம்:

வேர் அப்பர்(ட்ரிம்(நேம்)) = அப்பர்(ட்ரிம்('&பெயர்'))

நான்கு கவிதாக்களும் கிடைத்துவிட்டார்கள். ஆனால் நம் ஊர்ப் பெயர்களின் தொல்லை இதோடு முடிவதில்லை. இனிஷியலை முன்னால் போடுகிறவர் உண்டு, பின்னால் போடுகிறவர் உண்டு, புள்ளி வைப்பவர், வைக்காதவர் உண்டு. கவிதாவில் 'எச்' சேர்ப்பவர், சேர்க்காதவர் உண்டு. இதில் எதையும் அப்பர் சரி செய்யாது. உச்சரிப்பை வைத்துத் தேட ஆரக்கிளிலும் மை எஸ்.க்யூ.எல்.லிலும் சவுண்டெக்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதன் அடிப்படை முறை 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அவர்கள் ஊர்ப் பெயர்களுக்காகச் செய்தது. 'எச்' இருக்கிற கவிதாவுக்கும் இல்லாத கவிதாவுக்கும் கே130 என்று ஒரே குறியீடு தருகிறது, பலே! ஆனால் 'தமிழ்' என்பதை இசட்-எச் போட்டு எழுதினால் டி520, எல் போட்டு எழுதினால் டி540. நம்ம ழகரத்திடம் சவுண்டெக்ஸ் தோற்றுப்போகிறது. தமிழ்ச்செல்வி, தமிழரசன் என்று பெயர் உள்ளவர்கள் கவனிக்க.

இப்போது சிலர் கேட்கலாம். 'எங்க வீட்டு லேப்டாப்பில் அப்பர் போடாமலே எல்லா கவிதாவும் வருகிறாளே?' என்று. வரும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது மை எஸ்.க்யூ.எல்.லாக இருக்கும். எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்ற விதித் தொகுப்புக்குக் கொலேஷன் என்று பெயர். மை எஸ்.க்யூ.எல். தானாக எடுத்துக்கொள்ளும் கொலேஷனின் பெயர் கடைசியில் 'சி.ஐ.' என்று முடியும். பெரிது சிறிது பார்க்காதே என்று அர்த்தம். வழக்கமாக நிறுவப்படும் எஸ்.க்யூ.எல். சர்வரும் அப்படித்தான். ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் தானாக அப்படி விட்டுக்கொடுக்காது, பெரிது சிறிது பார்க்கும். செல்போனுக்குள் இருக்கும் எஸ்.க்யூ.லைட் இன்னும் வேடிக்கை. சமக்குறி போட்டால் பெரிது சிறிது பார்க்கும், லைக் போட்டால் ஆங்கில எழுத்துக்குப் பார்க்காது.

இதனால் வரும் ஆபத்து என்ன? வீட்டில் மை எஸ்.க்யூ.எல்.லில் எழுதி, சரியாக ஓடிய ப்ராஜெக்ட்டை லேப்பில் ஆரக்கிளில் போட்டால் பாதிப் பெயர் காணாமல் போகும். எர்ரர் வராது, அதுதான் விசேஷம்! ஆகவே வீட்டில் தேவைப்படாவிட்டாலும் அப்பர் போட்டே பழகுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். (மை எஸ்.க்யூ.எல்.லில் 'பைனரி' வகை ஃபீல்டுக்கு அப்பர் வேலை செய்யாது, அதையும் மனதில் வையுங்கள்.)

'தேடும்போதெல்லாம் எதற்கு இந்த வேலை? ஒரேயடியாக டேபிளிலேயே மாற்றிவிட்டால் என்ன?' என்று அடுத்த கேள்வி வரும். முடியும்:

அப்டேட் ஸ்டூடண்ட் செட் நேம் = அப்பர்(நேம்);

கமிட் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. ஆனால் இதைச் செய்வதற்கு முன் ஒரு டீ குடித்துவிட்டு யோசிப்பது உத்தமம். பெரிதாக்குவது சுலபம், பழையபடி கொண்டுவர வழி கிடையாது. லோயர் போட்டால் எல்லாமே சின்னதாகும். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் இனிட்கேப் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கும். பெயருக்குப் பரவாயில்லை. ஐ.டி.ஐ. என்பதைப் புள்ளி இல்லாமல் மூன்று பெரிய எழுத்தாக எழுதியிருந்தால் அதை 'இட்டி' மாதிரி ஆக்கி வைக்கும். மை எஸ்.க்யூ.எல்.லிலும் எஸ்.க்யூ.எல். சர்வரிலும் அந்த இனிட்கேப்பும் கிடையாது. பாஸ்வேர்டு இருக்கிற ஃபீல்டில் இந்த அப்டேட்டைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய அழிவு தமிழில் நடக்கும். தமிழுக்குத்தான் பெரிய எழுத்தே இல்லையே என்கிறீர்களா? யூனிகோடில் ஏற்றிய தமிழுக்கு அப்பர் போட்டால் ஒன்றும் ஆகாது, போன மாதிரியே திரும்பி வரும். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த விவரங்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நிறைய உண்டு. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே போட்டிருக்கும் சட்டைதான் தமிழ். பாமினியில் சின்ன 'எம்' தட்டினால் அ, பெரிய 'எம்' தட்டினால் ஆ. சின்ன 'எஃப்' க, பெரிய 'எஃப்' கு. சின்ன 'கே' ம, பெரிய 'கே' மு. இப்படிப் போகும்.

அந்த டேபிளில் மரகதம் என்று ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பர் போட்டு அப்டேட் கொடுத்தால் ம முவாகும், ர ருவாகும், க குவாகும், த துவாகும், கடைசி ம-வும் மு ஆகி அதன் தலையில் அந்தப் புள்ளி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மரகதம் அம்மா 'முருகுதுமு' ஆகிவிடுவார்! படிக்கச் சிரிப்பு வரலாம். அது ஓய்வூதியப் பட்டியலாக இருந்தால் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வராது. ஏற்கனவே பெரிய எழுத்தாக இருந்தவை எவை, இப்போது மாறியவை எவை என்று பிரிக்க முடியாததால் லோயர் போட்டும் மீட்க முடியாது. பேக்கப் இருந்தால் பிழைத்தோம்.

பிற மொழிக்காரர்களுக்கும் இதில் சங்கடம் உண்டு. 1928-இல் துருக்கியர்கள் ஏற்றுக்கொண்ட புது நெடுங்கணக்கில் 'ஐ' இரண்டு விதம். புள்ளி வைத்த சின்ன ஐ-க்குப் பெரிய வடிவமும் புள்ளியோடுதான் வரும், புள்ளி இல்லாததற்குப் புள்ளி இல்லாமல் வரும். நமக்கு ஒன்றாகத் தெரியும் சொல், துருக்கி அமைப்பில் ஓடும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் வேறாகிவிடும். ஜெர்மன் மொழியில் இரட்டை எஸ்ஸுக்கு ஒரு தனிச் சின்ன எழுத்து இருக்கிறது. அதைப் பெரிதாக்கும்போது இரண்டு பெரிய எஸ்ஸாக எழுதுவார்கள், சொல்லின் நீளமே கூடிவிடும். அதற்கென்று தனிப் பெரிய எழுத்தை 2017-இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றார்கள். 32-ஐக் கழித்தால் போதும் என்ற கணக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குச் செல்லும், எல்லா மொழி எழுத்துக்கும் செல்லாது.

ஆகவே என் கட்சி இதுதான். அவரவர் கொடுத்த பெயரை அவரவர் கொடுத்தபடியே சேமித்து வைப்போம், ஒப்பிடும் அந்த நொடிக்கு மட்டும் பெரிதாக்கிக்கொள்வோம். புதிதாக ஒரு டேபிளை நாமே அமைக்கிறோம், வாகனப் பதிவு எண், பாடக் குறியீடு போன்றவை எப்போதும் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றால் அது வேறு. அங்கே செக் கன்ஸ்ட்ரெயிண்ட் போட்டுவிடலாம்:

செக் (கோட் = அப்பர்(கோட்))

சின்ன எழுத்தில் யாராவது ஏற்ற வந்தால், பெரிது சிறிது பார்க்கும் ஆரக்கிள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வேகம்! நேம் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போட்டிருப்போம். இண்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி வரிசையாக அடுக்கி வைத்தது, தேடுகிற இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் நாம் கேட்பது நேம் இல்லை, அப்பர்(நேம்). அந்த அகராதி அந்த வரிசையில் அடுக்கப்படவில்லை. பெரிய எழுத்துக் கவிதா ஓரிடத்தில், சின்ன எழுத்துக் கவிதா வேறிடத்தில். எனவே கம்ப்யூட்டர் அகராதியை மூடி வைத்துவிட்டு முதல் ரெக்கார்டு முதல் கடைசி ரெக்கார்டு வரை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும். நம்ம லேப் டேபிளில் 20 ரெக்கார்டு, ஒன்றும் தெரியாது. லட்சக்கணக்கில் இருந்தால் கவுண்ட்டரில் க்யூ நீளும்.

இதற்கும் வழி இருக்கிறது. பெரிதாக்கிய வடிவத்துக்கே இண்டெக்ஸ் போட்டுவிடுவது:

க்ரியேட் இண்டெக்ஸ் பெயர்தேடல் ஆன் ஸ்டூடண்ட் (அப்பர்(நேம்));

ஆரக்கிளில் 8ஐ பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. போஸ்ட்கிரெஸிலும் உண்டு. மை எஸ்.க்யூ.எல்.லில் 2018-இல் வந்த 8.0.13 பதிப்பு முதல் உண்டு, ஆனால் அங்கே அப்பர்(நேம்) என்பதைச் சுற்றி இன்னொரு ஜோடி அடைப்புக்குறி போட வேண்டும், இல்லேன்னா சண்டை போடும். இண்டெக்ஸில் அப்பர் போட்டுவிட்டு க்வெரியில் லோயர் போட்டால் பயன் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ப்ராஜெக்ட் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்பர் கட்சி.

கடைசியாக, வைவாவில் மாட்டிவிடும் ஒன்று. நாம் எல்லோரும் 'க்ரியேட் டேபிள்' என்று சின்ன எழுத்தில்தான் அடிக்கிறோம், ஆரக்கிள் ஒன்றும் சொல்வதில்லை. கட்டளையைப் பெரிதாக அடித்தாலும் சிறிதாக அடித்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் டேபிளின் பெயரைத் தன் குறிப்பேட்டில் பதியும்போது முழுக்கப் பெரிய எழுத்தில் பதிந்துகொள்கிறது. அந்தக் குறிப்பேட்டின் பெயர் யூசர் டேபிள்ஸ். அதில் போய்,

செலெக்ட் * ஃப்ரம் யூசர்_டேபிள்ஸ் வேர் டேபிள்_நேம் = 'ஸ்டூடண்ட் (சி)';

என்று கேட்டால் 'நோ ரோஸ் செலெக்டட்'. ஐந்து நிமிடத்துக்கு முன் நாமே போட்ட டேபிள்! மேற்கோள் குறிக்குள் வந்துவிட்டால் அது கட்டளை இல்லை, விவரம். விவரத்தில் பெரிது சிறிது பார்க்கும். 'ஸ்டூடண்ட் (பெ)' என்று கேட்டால் வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் இதற்கு நேர் எதிர், பெயரைச் சின்ன எழுத்தில் பதியும். மை எஸ்.க்யூ.எல்.லில் அது ஓடும் மிஷினைப் பொறுத்தது. விண்டோஸில் டேபிள் பெயருக்குப் பெரிது சிறிது பார்க்காது, லினக்ஸில் பார்க்கும். வீட்டில் விண்டோஸ், லேப்பில் லினக்ஸ் என்று இருப்பவர்கள் டேபிள் பெயரை எப்போதும் சின்ன எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் 'டேபிளைப் போட்டாயே, அது இருக்கிறது என்று காட்டு' என்று கேட்டால் பதற வேண்டாம். பெயர் எப்படிப் பதிவாகியிருந்தாலும் மூன்றிலும் ஓடக்கூடிய விதத்தில் வேர் பகுதியை இப்படி எழுதுங்கள்:

வேர் அப்பர்(டேபிள்_நேம்) = அப்பர்('ஸ்டூடண்ட்')

போஸ்ட்கிரெஸிலும் மை எஸ்.க்யூ.எல்.லிலும் குறிப்பேட்டின் பெயர் வேறு, 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸ்'. அதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், வேர் வரி அப்படியே இருக்கட்டும்.